ரெண்டாவது கோடு

(வாசகர்களின் கேள்விகளுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.)

இந்த மாதம் ஆசிரியர் குழு அனுப்பிய கடிதக் கட்டில் ஒரு மாடுகூட இல்லை. முப்பது வருஷம் தோள் வரை கைவிட்டுக் கன்று இழுத்துச் சம்பாதித்த பெயர், கடைசியில் பூனையில் வந்து நிற்கிறது. இருக்கட்டும். அதிலும் பாதிக் கடிதங்கள் ஒரே நோயைப் பற்றி என்பதால் அவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். ஆட்டுக் குடற்புழு பற்றிக் கேட்ட பண்ருட்டிக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள், தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது எங்கள் மாடிப்படியில் வந்து ஒதுங்கிய குட்டி. மிளகு என்று பெயர் வைத்தோம். ஆண், கருத்தடை செய்தாகிவிட்டது. ஒரு மாதமாகச் சாப்பாட்டைப் பார்த்து ஓடி வருகிறான், வாய் வைத்ததும் கத்திக்கொண்டு பின்வாங்குகிறான். டாக்டர் ஈறெல்லாம் புண் என்று சொல்லி, ரத்தம் எடுத்து ஒரு கிட்டில் விட்டுப் பார்த்தார். ரெண்டு கோடு வந்தது. 'ஃபெலைன் லுகேமியா பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தார். பூனைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெருவே பேசுகிறது. நான்கு வயதில் எனக்கு மகள் இருக்கிறாள், மிளகோடுதான் தூக்கம். மாமியார், 'பெரிய மார்க்கெட் மீன்கடைப் பக்கம் விட்டுட்டு வா, பொழச்சுக்கும்' என்கிறார். கணவர், 'வலியில்லாமப் போக ஊசி போட்டுடலாம்' என்கிறார். எட்டு வயதுப் பெண் பூனை ஒன்றும் வீட்டில் இருக்கிறது, பெயர் பாட்டி. என்ன செய்யட்டும் டாக்டரம்மா? எவ்வளவு நாள் இருப்பான்?
— ஒரு வாசகி, ரெயின்போ நகர், புதுச்சேரி

பதில்: முதலில் மகள். ஃபெலைன் லுகேமியா என்பது பூனைகளுக்கு வருகிற ஒரு வைரஸ் நோய். இந்த வைரஸ் மனிதர்களுக்கு வராது, நாய்க்கும் வராது. 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை பூனையிடமிருந்து ஒரு மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் எதுவும் இல்லை. மகள் அவனோடு தூங்கட்டும். ஆனால் பூனை கடித்தாலோ கீறினாலோ அது வேறு கணக்கு. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும். லுகேமியா என்று அலறுகிற வீடுகளில் ரேபிஸ் தடுப்பூசி அட்டையைக் கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள்.

அடுத்தது, தெரு பேசுகிற 'புற்றுநோய்'. ஜாரெட் இதைத் தேடிப் போனதே ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வந்ததால்தான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வைரஸ் இருக்கிற எல்லாப் பூனைக்கும் புற்று வராது. ரத்தசோகையும் எதிர்ப்புச் சக்திக் குறைவும்தான் அதிகம் படுத்துகின்றன. மிளகின் ஈறுப்புண் அந்தக் குறைவால் வந்திருக்கலாம், பல்லால் மட்டுமே வந்ததாகவும் இருக்கலாம். வாயைத் தனியாக வைத்தியம் பாருங்கள். பல பூனைகளுக்குக் கெட்டுப்போன பல்லைப் பிடுங்கினாலே சாப்பாடு இறங்கிவிடும்.

இப்போது அந்த ரெண்டாவது கோடு. இந்த வைரஸ் பூனையின் உடம்புக்குள் போனதும், உயிரணுவின் மரபுச் சங்கிலியிலேயே தன்னை எழுதிக்கொள்ளும். பட்டாவில் பெயர் ஏற்றிக்கொள்கிற மாதிரி. அதற்குப் பிறகு மூன்று விதமாக நடக்கலாம். சில பூனைகள், பெயர் ஏறுவதற்கு முன்பே ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். சிலவற்றில் பட்டாவில் பெயர் இருக்கும், ஆள் வீட்டில் இருக்கமாட்டான். வைரஸ் எலும்பு மஜ்ஜையில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். மூன்றாவது வகையில் ஆள் குடும்பத்தோடு குடியேறி, தினமும் எச்சிலில் வெளியே வந்துகொண்டிருப்பான். நோய் வருவதும் மற்றப் பூனைக்குத் தொற்றுவதும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான்.

கிளினிக்கில் விடுகிற கிட், வைரஸின் பி27 என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் ரெண்டாவது கோடு விழும். அதாவது, இன்றைக்கு ஆள் வீட்டில் இருக்கிறானா என்று மட்டும் எட்டிப் பார்க்கிறது. நாளைக்கு இருப்பானா என்பது அதற்குத் தெரியாது. சமீபத்தில் தொற்றிய பூனையில் இன்று தெரிகிற கோடு சில வாரம் கழித்துக் காணாமல் போகலாம். நோயே இல்லாத பூனையில் எப்போதாவது பொய்யாகக் கோடு விழுவதும் உண்டு. அதனால் ரத்தத்தை பிசிஆர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது பட்டாவையே புரட்டிப் பார்க்கும். ஒரு மாதம் கழித்து கிட்டை மறுபடி போடுங்கள். அப்போதும் குழப்பமாக இருந்தால் முதல் சோதனையிலிருந்து 16 வாரம் வரை காத்திருந்து இன்னொரு தடவை. உங்கள் மருத்துவரிடம் வசதி இல்லையென்றால் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஒயர் கூடையில் துண்டு விரித்து ஒரு வெள்ளைப் பூனையைக் கொண்டுவந்தார். சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான். கிட்டில் கோடு விழுந்தது. நான் அன்றைக்கு இருந்த அவசரத்தில், "ஒரு வருஷம் ஓடினா அதிகம் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுசோதனை என்ற வார்த்தையே என் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த வருஷம் அதே மாதம் கூடையோடு வந்து நின்றார். பூனை அரைக் கிலோ கூடியிருந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தார். ஆறு வருஷம், ஒவ்வொரு வருஷமும் பூனையை மேஜையில் இறக்கிவிட்டு ஒரே கேள்வி: "டாக்டரம்மா, உங்க ஒரு வருஷம் இன்னும் முடியலையா?" மூன்றாவது வருஷம்தான் வெட்கப்பட்டுக்கொண்டு மறுசோதனை செய்தேன். கோடு இல்லை. அவர் சிரித்தார். ஆனால் அந்த முதல் வருஷம் முழுக்க அவர் மனைவி ராத்திரி எழுந்து எழுந்து பூனை மூச்சு விடுகிறதா என்று பார்த்ததாக அப்புறம்தான் சொன்னார். அந்த ராத்திரிகளுக்கு நான்தான் பொறுப்பு.

ஆகவே கணவரிடம் சொல்லுங்கள்: ஒரு கோட்டை வைத்து ஊசி போடுகிற பேச்சு வேண்டாம். மாமியாரிடமும் சொல்லுங்கள்: ஈறு புண்ணான பூனை மீன்கடையில் பிழைக்காது, மீன் துண்டைக் கவ்வவே அவனால் முடியாது. அதோடு அங்கே இருக்கிற இருபது முப்பது பூனைக்கும் எச்சில் வழியாகக் கொடுத்துவிட்டுத்தான் சாவான். ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, கடிபடுவது, தாய்ப்பால் — இவைதான் இது போகிற வழி.

பாட்டிக்கு இன்றைக்கே சோதனை செய்யுங்கள். இத்தனை நாள் சேர்ந்து இருந்துவிட்டு இப்போது என்ன என்று விடவேண்டாம். வயதான பூனையை இந்த வைரஸ் அவ்வளவு எளிதாகப் பிடிக்காது, குட்டிகளைத்தான் சட்டென்று பிடிக்கும். பாட்டிக்குக் கோடு இல்லையென்றால், மிளகின் நிலவரம் உறுதியாகத் தெரிகிறவரை தனி அறை, தனிக் கிண்ணம், தனி மண்தொட்டி. அவளுக்கும் ஒரு மாதம் கழித்து மறுசோதனை. நாம் வழக்கமாகப் பூனைக்குப் போடுகிற மூன்று நோய்த் தடுப்பூசியில் லுகேமியா கிடையாது, அது தனி ஊசி. கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் பாட்டிக்குப் பயன்படும். ஏற்கெனவே வைரஸ் இருந்தால் மிளகுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மிளகு இனி வெளியே போகக் கூடாது. மற்றப் பூனைகளுக்காகப் பாதி, அவனுக்காகப் பாதி: தெருவில் கிடைக்கிற சாதாரணச் சளிகூட அவனைப் படுக்கையில் போட்டுவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒரு அணிலைப் பார்த்தால் நகத்தில் கிழித்துவிடுவான். இரும்புக்கடையில் கோழிக்கூண்டுக் கம்பிவலை கேட்டு வாங்கி, மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். முதல் பத்து நாள் கதவருகில் உட்கார்ந்து கத்துவான். மாமியார் 'பாவம், விடேன்டி' என்பார். விடாதீர்கள்.

சாப்பாட்டில் பச்சை மீன், பச்சை இறைச்சி, காய்ச்சாத பால் மூன்றும் கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த வயிற்றுக்கு அதிலிருக்கும் கிருமிகள் தாங்காது. மத்தியோ காரப்பொடியோ உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் எடுத்து, ஈறுப்புண் ஆறும்வரை கையால் மசித்துக் கொடுங்கள். குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்கிற மீன் வேண்டாம். வெங்காயம் பூனையின் சிவப்பணுவை உடைக்கும், அவனுக்கு இருக்கிற ரத்தமே குறைவு. கருவாடு உப்பு மூட்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் ஆனைவிலை விற்கும், அப்போது கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்துக் கொடுங்கள். ஆனால் வீட்டு மீனும் கறியும் மட்டுமே பூனைக்கு முழுச் சாப்பாடு ஆகாது. கடையில் விற்கும் பூனை உணவு பாதியாவது இருக்கட்டும்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மேல் ஏறவிடாதீர்கள். தெள்ளு வழியாகச் சிவப்பணுவைத் தாக்குகிற இன்னொரு கிருமி வரும், இந்தப் பூனைகளுக்கு அது இரட்டை அடி. ஆனால் மருந்துக்கடையில் நாய்க்கு விற்கிற கழுத்துச் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிவிட வேண்டாம். பெர்மெத்ரின் என்று அட்டையில் இருந்தால் அது பூனைக்கு விஷம்.

இனி நீங்களே செய்ய வேண்டிய ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் மிளகை மடியில் வைத்து, மேலுதட்டை ஒரு பக்கம் கட்டைவிரலால் லேசாகத் தூக்குங்கள். கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறு உங்கள் மகளின் உள்ளங்கை நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் ரெண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். புண் சிவப்பை நிறம் என்று நினைத்து ஏமாறாமல் புண் இல்லாத இடமாகப் பாருங்கள். அப்புறம் எடை: நீங்கள் மட்டும் ஒரு தடவை, அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் அந்தத் தாளைக் கிழிக்காமல் அதிலேயே எழுதி, ஒரு கிளிப்பில் சேர்த்து வையுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இறங்குவது 60 கிலோ ஆள் 3 கிலோ இறங்குவது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, காலண்டருக்குத் தெரியும். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்தாலோ, தூங்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு ஏறி இறங்கினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது. பூனை ரெண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரல் கெட ஆரம்பித்துவிடும். நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். வைரஸ் குடியேறிவிட்ட வகை என்றால், பெரும்பாலான பூனைகள் கண்டுபிடித்ததிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போய்விடுகின்றன. சில அதைத் தாண்டியும் இருக்கின்றன. பட்டாவில் மட்டும் பெயர் உள்ள வகை என்றால் மற்றப் பூனைகள் மாதிரியே கிழடாகலாம். நெல்லிக்குப்பத்துப் பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு நான் யாருக்கும் தேதி குறிப்பதில்லை.

கேள்வி: எங்கள் பூனைக்கு இந்த நோய் என்று ரெண்டு தடவை உறுதியாகிவிட்டது. ஒன்றேகால் வருஷமாக நன்றாகவே இருந்தது. இப்போது பத்து நாளாகப் படுத்தே கிடக்கிறது. ரத்தம் ஏற்றலாமா? எந்த நாளில் 'போதும்' என்று முடிவெடுப்பது? பாவம் வருமா?
— புதுப்பாளையம், கடலூர்

பதில்: பாவத்துக்கு நான் டாக்டர் இல்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் ஐஸ்பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்த குட்டி, பெயர் சூடை. ரெண்டு தடவையும் கோடு விழுந்தது, பிசிஆரும் அதையே சொன்னது. ரெண்டு வருஷம் நாலு மாதம் என்னோடு இருந்தான். அதில் ரெண்டு வருஷம் யாரும் அவனை நோயாளி என்று சொல்லமுடியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி வெயில் காய்வது அவன் வேலை. அப்புறம் ஒரு நாள் தொட்டி மேல் ஏறாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ஸ்டூல் போட்டேன், ஏறினான். ஒரு வாரத்தில் ஸ்டூலோடு நின்றுவிட்டான். ரத்தம் பார்த்தால் சிவப்பணு அளவு 13 சதவீதம். பூனைக்கு 30-க்கு மேல் இருக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றினோம். பூனைக்கும் ஏ, பி, ஏபி என்று வகை உண்டு. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் போனால் முதல் தடவையே உயிருக்கு ஆபத்து, ஆகவே பொருத்தம் பார்க்காமல் ஏற்றவே கூடாது. கொடுக்கிற பூனைக்கும் லுகேமியா இல்லை என்று கிட், பிசிஆர் ரெண்டிலும் பார்க்க வேண்டும். கோடு விழாத பூனையின் ரத்தத்திலும் ஒளிந்திருக்கும். இத்தனையும் பார்த்து ஏற்றி, சூடை ஒன்பது நாள் எழுந்து நடந்தான். பத்தாவது நாள் பழைய இடத்துக்கே வந்தான். ரத்தசோகைக்குக் காரணம் தெள்ளுக் கிருமி மாதிரி தீர்க்கக்கூடியது என்றால் ஏற்றுகிற ரத்தம் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அதற்குள் மருந்து வேலை செய்யும். மஜ்ஜையே ஓய்ந்துவிட்டது என்றால் அந்த அவகாசம் அவ்வளவுதான். உங்கள் மருத்துவரிடம் 'ஏற்றலாமா' என்பதற்கு முன் 'எதனால் குறைந்தது' என்று கேளுங்கள்.

எங்கள் தெருவுக்குக் காலை எட்டு மணிக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா மீன்கூடையோடு வருவார். அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் சூடை கதவுக்கு ஓடுவான். ஓட முடியாதபோது நடந்தான். நடக்க முடியாதபோது படுத்தபடியே காதை மட்டும் திருப்பினான். ஒரு புதன்கிழமை அந்த அம்மா கதவருகிலேயே நின்று கூப்பிட்டார், காது திரும்பவில்லை. அன்று சாயங்காலம் நானே ஊசி போட்டேன். முதலில் ஆழ்ந்து தூங்க வைக்கிற மருந்து, அது முழுதும் பிடித்த பிறகுதான் ரெண்டாவது. வலி இல்லை. எத்தனையோ மாட்டுக்குப் போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் நரம்பைப் பிடிக்க ரெண்டு தடவை குத்த வேண்டிவந்தது.

உங்கள் பூனைக்குப் பிடித்த மூன்று காரியத்தை இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றும் நின்றுபோன நாளில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்பே மூச்சுத் திணறினால் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: தாய்ப்பூனை இந்த நோயில் இறந்துவிட்டது. மூன்று குட்டிகள், ஐந்து வாரம் ஆகிறது. குட்டிகளைச் சோதிக்க ஆறு மாதம் ஆகட்டும் என்கிறார்கள். தாய் படுத்த சாக்கு, தட்டு எல்லாம் எரித்துவிடவா?
— கடலூர் ஓ.டி.

பதில்: யாரோ எஃப்ஐவி என்ற வேறொரு வைரஸோடு குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சோதனை எதிர்ப்பொருளைப் பார்ப்பது. குட்டியின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் கொஞ்ச நாள் இருக்கும் என்பதால் அதற்குத்தான் காத்திருக்கச் சொல்வார்கள். லுகேமியா கிட் வைரஸின் புரதத்தையே பார்க்கிறது, எந்த வயதிலும் செய்யலாம். மூன்றுக்கும் இப்போதே செய்யுங்கள் தம்பி. ஒன்றின் முடிவை மூன்றுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஈற்றில் ஒன்றுக்கு இருந்து மற்றதற்கு இல்லாமல் இருக்கலாம். கோடு விழாதவற்றைத் தனியாக்கி ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அதுவரை யாருக்கும் தத்துக் கொடுக்க வேண்டாம்.

எரிக்க வேண்டாம். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த இடத்தில் சில மணி நேரம்கூடத் தாங்காது, சோப்புக்கே செத்துவிடும். சாக்கைத் துவைத்து வெயிலில் போடுங்கள், தட்டை விளக்குங்கள், தரையை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு குட்டிகளை விடுங்கள்.

கேள்வி: பூனைக்குக் கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் ரத்தம் சுத்தமாகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் கால் மாத்திரை போதுமா?
— நெட்டப்பாக்கம்

பதில்: பாரசிட்டமால் ஒரு துணுக்குகூடக் கூடாது. மனிதனின் ஈரல் அதை முறித்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, ஒரு மாத்திரையிலேயே பூனை செத்துப்போகும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இதைப் படித்து முடிக்காமல் கிளம்புங்கள். மூலிகைச் சாற்றுக்கும் அதே ஈரல்தான். நீங்கள் குடியுங்கள், பூனைக்கு வேண்டாம்.

கேள்வி: தினமும் ராத்திரி பதினான்கு தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறேன். அதில் ஒன்றைக் கருத்தடைக்குக் கொண்டுபோனபோது லுகேமியா என்று தெரிந்தது. எல்லாவற்றையும் சோதிக்க என் பென்ஷன் பத்தாது. சோறு வைப்பதை நிறுத்திவிடவா?
— லாஸ்பேட்டை

பதில்: நிறுத்தாதீர்கள். இருக்கிற பணத்தைக் கருத்தடைக்கும் ரேபிஸ் ஊசிக்கும் போடுங்கள். சண்டை குறையும், குட்டி நிற்கும், வைரஸுக்குப் புதிய ஆள் கிடைக்காது. பதினான்குக்கும் கிட் வாங்கிப் பாசிட்டிவ் என்று தெரிந்தபின் அவற்றை எங்கே வைப்பீர்கள்? கோடு விழுந்த அந்த ஒன்றை மட்டும் யாராவது வீட்டுக்குள் ஏற்றுக்கொள்வார்களா என்று பாருங்கள், வேறு பூனை இல்லாத வீடாக. மற்றவற்றுக்கு ஒரே பெரிய தட்டில் கொட்டாமல், ஏழெட்டு தேங்காய்ச் சிரட்டையைச் சுவர் ஓரமாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். மறுநாள் பழைய சிரட்டையை அடுப்பில் போட்டுவிட்டுப் புதிது. கழுவுகிற வேலையும் மிச்சம்.

கேள்வி: எங்கள் பூனைக்கு லுகேமியா வந்ததற்கு அதன் பெயர் ராசியில்லாததுதான் காரணம் என்று ஜோசியர் சொல்கிறார். 'ச' வரிசையில் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
— நெல்லித்தோப்பு

பதில்: தாராளமாக மாற்றுங்கள். எந்தப் பெயர் வைத்தாலும் அது திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் கிளினிக் சீட்டில் மட்டும் பழைய பெயரையே வைத்திருங்கள். மறுசோதனைக்குப் போகும்போது போன மாத ரிப்போர்ட் எந்தப் பூனையுடையது என்று தேடி, அரை மணி நேரம் உங்களையும் காக்க வைத்து எங்களையும் படுத்துவார்கள்.